பிள்ளையும் ஏஐயும்: எதை முதலில் பழக்குவது?

ஒரு பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் 9 வயதில் ஒரு பையன், 14 வயதில் ஒரு பெண். இருவரும் வேலைக்குப் போகும் காலத்தில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) எங்கும் நிறைந்திருக்கும் என்கிறார்கள். சின்னவனை இப்போதே ஏஐ வகுப்பில் சேர்க்கலாமா? பெரியவள் சாட்ஜிபிடியில் வீட்டுப்பாடம் செய்வதைத் தடுக்கலாமா, விடலாமா? எந்த வேலை மிஞ்சும்? பெற்றோராக இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். தரவைப் பார்த்துத் தானாகக் கற்கும் நிரல்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வீட்டில் பதின்வயதில் மகள் இருக்கிறாள். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு அலுவலகத்திலும் வருகிறது, சாப்பாட்டு மேசையிலும் வருகிறது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்த வேலை மிஞ்சும் என்று அடித்துச் சொல்பவரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கியே இருங்கள். 2016-இல் ஜெஃப்ரி ஹின்டன் ஒரு மேடையில், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். இன்னும் ஐந்தாண்டில், மிஞ்சினால் பத்தாண்டில், ஸ்கேன் படங்களை இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் பார்த்துவிடும் என்பது அவர் கணக்கு. ஹின்டன் சாதாரண ஆள் இல்லை. இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆனாலும் இன்றுவரை பல நாடுகளில் கதிரியக்க மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடுதான். படம் பார்ப்பதில் இயந்திரம் தேறவே செய்தது. ஆனால் அந்த மருத்துவரின் வேலை படம் பார்ப்பது மட்டும் இல்லை. எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது, பழைய படங்களோடு ஒப்பிடுவது, அறுவை மருத்துவரோடு பேசுவது, கடைசியில் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது எல்லாமே அதில் அடக்கம். அன்று பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டேன் என்று ஹின்டனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அவர் பேச்சை நம்பி 2016-இல் தன் பிள்ளையை அந்தப் படிப்பிலிருந்து திருப்பியவர்களை நினைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை எல்லாக் குழந்தைக்கும் கோடிங் சொல்லிக்கொடுங்கள் என்பதுதான் தாரக மந்திரம். 2024 பிப்ரவரியில் துபாயில் நடந்த மாநாட்டில், ஏஐக்கான சிப்களைச் செய்யும் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், பிள்ளைகள் கோடிங் கற்க வேண்டிய தேவையே இருக்காது என்கிற அளவுக்குப் பேசினார். நடுவில் 2023-இல் ‘பிராம்ப்ட் இன்ஜினியர்’ (ஏஐயிடம் எப்படிக் கேட்பது என்று கட்டளை எழுதித் தருபவர்) என்றொரு வேலை வந்து, அதுதான் எதிர்காலம் என்று பரபரத்து, வந்த வேகத்தில் அடங்கிப்போனது. சாட்ஜிபிடியே 2022 நவம்பர் கடைசியில்தான் வெளியானது. உங்கள் பையன் வேலைக்குப் போக இன்னும் 12, 13 ஆண்டு இருக்கிறது. அந்த நாளின் வேலைப் பட்டியலை வைத்து இன்றைக்குப் பாடம் தேர்ந்தெடுப்பது, குழந்தை பிறக்குமுன் கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி.

சரி, அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? என் பதில் ஒன்றுதான்: வரிசை. ஏஐ வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் பெற்றோர் நிறைய சக்தியை வீணாக்குகிறார்கள். எதற்கு முன்னால் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்குச் சதுரங்கத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1997 மே மாதம் உலக சாம்பியன் காஸ்பரோவ், ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினியிடம் தோற்றார். அத்தோடு சதுரங்கத்தின் கதை முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். இன்று உங்கள் கைப்பேசியில் ஓடும் ஒரு இலவசச் செயலி உலக சாம்பியனைத் தோற்கடிக்கும். ஆனாலும் விளையாட்டு சாகவில்லை, முன்னைவிட அதிகம் பேர் ஆடுகிறார்கள். அந்த உலகத்தில்தான் குகேஷ் வளர்ந்தார், 2024 டிசம்பரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அவருடைய தொடக்க காலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எடுத்த ஒரு முடிவு அப்போது நிறையப் பேருக்கு விசித்திரமாகப் பட்டது. கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை பையனைக் கணினி எஞ்சின், அதாவது சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல், பக்கமே அதிகம் விடவில்லை. மற்ற பிள்ளைகள் ஒவ்வொரு ஆட்டத்தையும் எஞ்சினில் போட்டு, எது சரியான நகர்த்தல் என்று ஒரு நொடியில் தெரிந்துகொண்டிருந்தபோது, இவர் தலைக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தப்பும் தவறுமாகத்தான். அந்தக் கணக்குப் போடும் பலம் ஊறிய பிறகு எஞ்சின் வந்தது. இன்று அவரும் எஞ்சினைப் பயன்படுத்துகிறவர்தான். மேல்மட்டத்தில் அது இல்லாமல் ஆடவே முடியாது. அவருக்கு அது எந்த வயதில், எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஒருவரை வைத்து ஊருக்கே விதி எழுத முடியாதுதான். ஆகவே இன்னொன்று. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கிட்டத்தட்ட ஆயிரம் மாணவர்களை வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணிதத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதி மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்குகள் போடும்போது வழக்கமான சாட்ஜிபிடி போன்ற ஒன்று துணைக்கு இருந்தது. அவர்கள் பயிற்சியில் மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஏஐயைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். இதைவிட எனக்கு உறுத்திய சங்கதி, தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பது அந்த மாணவர்களுக்கே தெரியவில்லை. இன்னொரு பகுதியினருக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றியமைத்த கருவி கொடுக்கப்பட்டது. அவர்கள் பயிற்சியில் இன்னும் நன்றாகச் செய்தார்கள், தேர்விலும் அந்தச் சரிவு இல்லை. அடியில் ஓடியது ஒரே இயந்திரம்தான். விடையை நீட்டுகிறதா, குறிப்பை நீட்டுகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இது வீட்டில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். போன ஆண்டு என் மகளுக்குப் பின்னக் கணக்கு. ஒரு தொட்டியில் 3/4 பங்கு தண்ணீர் இருக்கிறது, அந்தத் தண்ணீரில் 2/5 பங்கு செலவாகிறது, தொட்டியில் எத்தனை பங்கு மிச்சம்? நோட்டில் 9/20 என்று அழகாக, வரிவரியாக எழுதியிருந்தாள். சரியான விடை. எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் அந்த அழகுதான். அவள் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் பார்த்ததே இல்லை. எண்ணை மட்டும் மாற்றி, தொட்டியில் 2/3 பங்கு, அதில் 1/4 செலவு என்று கேட்டேன். யோசிக்காமல் 2/3-இலிருந்து 1/4-ஐக் கழித்து 5/12 என்றாள். முதல் கணக்கையும் அவளே போட்டிருந்தால் 7/20 என்றுதான் வந்திருக்கும். 9/20 அவளுடையது இல்லை.

திட்டவில்லை. ஒரு சதுரம் வரையச் சொன்னேன். அதை நெட்டுக்கு நான்காகப் பிரித்து மூன்றுக்கு நிறம் தீட்டினாள். அதுதான் தண்ணீர். அப்புறம் குறுக்கே ஐந்தாகப் பிரித்தாள். மொத்தம் 20 கட்டம், நிறம் தீட்டியது 15. இந்தப் பதினைந்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்றால் எத்தனை என்றேன். ஆறு கட்டங்களை அழித்தாள். மிச்சம் 9. “அப்ப 2/5 தொட்டியில இல்ல, தண்ணியில!” என்று ஒரு கத்து. அந்தக் கத்துக்கு எடுத்த நேரம் இருபது நிமிடம். ஏஐ அதே கணக்கை இரண்டு நொடியில் முடித்திருந்தது, விளக்கமும் பிழையில்லாமல்தான் இருந்தது. ஆனால் அந்த இருபது நிமிட முட்டிமோதலில் என்ன நடக்கிறதோ அதற்குப் பெயர்தான் படிப்பு. அதை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று வரும் கருவியிடம் பெற்றோர் உஷாராக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. எந்த வீட்டுப்பாடமானாலும் முதல் முயற்சி காகிதத்தில், தனியாக. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதோ ஒன்று எழுதியிருக்க வேண்டும். மாட்டிக்கொண்டால், அந்தத் தப்பான முயற்சியையே ஏஐயிடம் காட்டலாம். கேட்கும் விதம் இப்படி: “நான் இப்படிச் செய்தேன். விடையைச் சொல்லாதே. எந்த அடியில் பிசகியது என்று ஒரு குறிப்பு மட்டும் கொடு.” 2025-இலிருந்து சாட்ஜிபிடியிலும் ஜெமினியிலும் இதற்கென்றே படிப்புக்கான ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சட்டென்று விடையைக் கொட்டாமல் எதிர்க்கேள்வி கேட்கும். ஒரு அழுத்தில் அதை அணைத்துவிடலாம் என்பதும் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும், ஆகவே அதை மட்டும் நம்பிவிட முடியாது. பாடம் முடிந்ததும் எண்ணையோ தலைப்பையோ மாற்றி ஒரு கேள்வி நீங்கள் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கட்டுரைக்கும் இதே வரிசைதான், ஆனால் அங்கே ஆபத்து இன்னும் நாசூக்கானது. கணக்கில் தப்பு தெரியும், கட்டுரையில் தெரியாது. 14 வயதுப் பெண் எழுதும் கட்டுரை கோணல்மாணலாக இருப்பதுதான் இயல்பு. எழுதும்போதுதான் தான் என்ன நினைக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவரும். அந்த இடத்தை ஏஐ நிரப்பிவிட்டால், நினைப்பே இல்லாமல் வாக்கியம் மட்டும் வந்து நிற்கும். முதல் வரைவு முழுக்க அவளுடையதாக இருக்கட்டும். முடித்த பிறகு “இதில் எந்த வாதம் பலவீனம், இதற்கு எதிராக ஒருவர் என்ன சொல்வார்” என்று இயந்திரத்திடம் கேட்கட்டும். அது கொடுக்கும் எதிர்வாதத்துக்கு அவள் பதில் எழுதட்டும். இதில் ஏஐ அருமையான துணை, நான் மனதாரச் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் பொறுமையாக எதிர்வாதம் செய்யும் ஆசிரியர் எந்தப் பிள்ளைக்கும் முன்பு கிடைத்ததில்லை.

அடுத்தது, இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். மலைமலையாக எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த அடிப்படையின் மேல் மனிதர்கள் பதில்களைத் திருத்தித் திருத்திப் பழக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் சரியாக வருவது ஆச்சரியம்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றுதான். மனிதர் பொய் சொன்னால் தடுமாறுவார், கண்ணைத் தாழ்த்துவார். இதற்கு அந்தக் கூச்சம் கிடையாது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட மாட்டிவிட்டுக் காட்டுவது எளிது. பிள்ளைக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். என் மகள் தான் நாலைந்து முறை படித்த ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தின் கதைச் சுருக்கத்தைக் கேட்டாள். அவ்வளவாகப் பேர் தெரியாத புத்தகம். இயந்திரம் மூன்று பத்தி எழுதியது. அதில் கதாநாயகிக்கு ஒரு நாய்க்குட்டி, அது தொலைந்துபோகிறது, கடைசியில் கிடைக்கிறது. “இந்தக் கதையில நாயே கிடையாதே!” என்று அவள் கண் விரிந்தது. நாய் இல்லையே என்று தட்டச்சு செய்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாயைப் பூனையாக்கிக் கொடுத்தது. பூனையும் கிடையாது. அன்று அவள் சிரித்த சிரிப்பு நான் கொடுத்திருக்கக்கூடிய பத்து அறிவுரைக்குச் சமம். அதற்குப் பிறகு “அது சொன்னது” என்று ஆரம்பித்து அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கும் இந்தச் சிரிப்பு தேவை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை என்று தெரியவந்து, 5,000 டாலர் அபராதம் விழுந்தது. 14 வயதுப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய கதை இது. அந்த இருவருக்கும் சட்டம் தெரியாமல் இல்லை, சரிபார்க்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது.

தமிழ் யாப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னொரு வேடிக்கை உண்டு. ஏஐயிடம் ஒரு நேரிசை வெண்பா கேட்டு, அசை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் நன்றாக இருக்கும், எதுகைகூட ஒட்டிக்கொண்டிருக்கும், தளை மட்டும் அடிக்கடி தட்டும். இந்த இயந்திரங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் ஆங்கில எழுத்தே மிகுதி என்பதை இதைவிட இனிமையாக உணர்த்த முடியாது. தப்பைப் பிடிக்க வேண்டுமானால் இலக்கணம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் கூடவே புரிந்துவிடும்.

இங்கிருந்துதான் எனக்குப் பிடிக்காத ஒரு வாதத்துக்கு வர வேண்டியிருக்கிறது. “எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது எதற்கு மனப்பாடம்? சிந்திக்கக் கற்றுக்கொடுத்தால் போதாதா?” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிந்திப்பதற்குத் தலைக்குள் சரக்கு வேண்டும். டீப் ப்ளூ காஸ்பரோவை 1977-இல் வென்றது என்று ஒரு பதில் வந்தால், எழுபதுகளில் கணினி எப்படி இருந்தது என்று ஏதோ கொஞ்சம் தெரிந்த பிள்ளைக்குத்தான் உறுத்தும். உறுத்தினால்தான் தேடுவாள். ஒன்றுமே தெரியாதவளுக்கு எல்லாப் பதிலும் ஒரே மாதிரி நம்பத்தகுந்ததாகவே இருக்கும். வாய்ப்பாடு, கால வரிசை, உலக வரைபடம், நல்ல சொல்வளம் எல்லாம் இனி தேவையில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தேவை கூடியிருக்கிறது. அதிலும் முழுப் புத்தகம் படிப்பது. சுருக்கம் கேட்டால் நொடியில் கிடைக்கிற காலத்தில், 200 பக்கத்தைப் பொறுமையாகக் கடக்கிற பிள்ளை தனியாகத் தெரிவாள். 9 வயதுப் பையனுக்கு இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய ஏஐ தயாரிப்பு என்ன என்று என்னைக் கேட்டால், தினமும் அவனோடு அரை மணி நேரம் புத்தகம் படிப்பது என்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் ஏஐ வகுப்பு? 9 வயதில் வேண்டாம். அந்த வகுப்புகளில் பெரும்பாலும் கற்றுத் தருவது இன்றைய செயலிகளின் பொத்தான்களை. பையன் பெரியவனாவதற்குள் அந்தப் பொத்தான்கள் இருக்காது. ஆர்வம் இருந்தால் வீட்டிலேயே விளையாடலாம். கூகுளின் ‘டீச்சபிள் மெஷின்’ 2017-இலிருந்து இலவசமாக இருக்கிறது. கணினிக் கேமரா முன்னால் சிரித்த முகத்தைக் கொஞ்சம், உம்மென்ற முகத்தைக் கொஞ்சம் காட்டிப் பழக்கினால், அடுத்த நிமிடமே எது எது என்று சொல்லும். நாங்கள் செய்தபோது மகளின் முகத்தை மட்டும் வைத்துப் பழக்கியிருந்தோம். கண்ணாடி போட்ட அவள் அம்மா உட்கார்ந்ததும், எவ்வளவு சிரித்தாலும் உம்மென்று இருப்பதாகவே காட்டியது. ஏன் என்று கேட்டேன். “அம்மாவை அது பார்த்ததே இல்லையே” என்றாள். பயிற்சித் தரவில் யார் இல்லையோ அவர்களுக்கு இயந்திரம் சரியாக வேலை செய்யாது என்று நாங்கள் கருத்தரங்குகளில் பேசுகிற விஷயம், கூடத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

14 வயதுப் பெண் விஷயத்தில் படிப்பைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஏஐயோடு நட்பு. அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா அமைப்பு 2025-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் ஏதாவது ஒரு ஏஐ துணையோடு ஒரு முறையாவது பேசியிருந்தார்கள். இது புதிய பலவீனமும் இல்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலரே, அதோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் “நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா” என்று கேட்டாராம். அந்த எலிசாவுக்கே அப்படி என்றால், எதற்கும் சலிக்காமல், எப்போதும் நம் பக்கமே பேசும் இன்றைய நிரலிடம் ஒரு பதின்வயதுப் பெண் மனசைக் கொட்டுவதில் வியப்பில்லை. சண்டை போட்டுச் சமாதானமாவது, தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது, கோபித்துக்கொண்ட தோழியிடம் நாமே போய்ப் பேசுவது இவற்றையெல்லாம் அங்கே பழக முடியாது. இங்கே தடை உத்தரவு வேலைக்கு ஆகாது. அவளிடம் அலட்டாமல் கேளுங்கள்: “நீ அதுகிட்ட என்ன பேசுவ? எனக்கும் காட்டுறியா?” காட்டாவிட்டாலும் கேட்டதே நல்லது. ஆனால் அழுகை, தூக்கமின்மை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு இப்படி ஏதாவது தெரிந்தால் தயங்காமல் மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள். அதற்கு ஏஐயிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடி விதிப்படி 13 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து பெற்றோர் கணக்கோடு பிள்ளையின் கணக்கை இணைத்து, எந்த நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதை அமைக்கும் வசதி இருக்கிறது. முழுப் பெயர், பள்ளி, முகவரி, வீட்டுச் சண்டை, தோழியின் ரகசியம் இவற்றை அதில் எழுதக் கூடாது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

போலிப் படம், போலிக் குரல் பற்றிப் பேசத்தான் பெற்றோர் கூசுகிறார்கள். கூசாமல் பேச வேண்டியது இதுதான். வகுப்புத் தோழியின் படத்தை வைத்து ஆபாசப் படம் உருவாக்குவது வேடிக்கை கிடையாது. பல நாடுகளில் அது குற்றம், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அது நிஜமான காயம். பையன்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பெண்ணிடம், அப்படி ஏதாவது நடந்தால் தப்பு அவளுடையது இல்லை, முதலில் எங்களிடம் சொல் என்று நடக்குமுன்பே சொல்லிவையுங்கள். குரலுக்கு ஒரு எளிய ஏற்பாடு: வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல். அம்மா குரலில் யாராவது அழைத்து அவசரமாகப் பணமோ ஓடிபியோ கேட்டால், அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுச் சொல்லை மகள்தான் தேர்ந்தெடுத்தாள். கேலிக்கூத்தான சொல், எளிதில் மறக்காது.

எதிர்காலப் படிப்புக்குத் திரும்புகிறேன். எந்தத் துறை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எப்படிப் படிப்பது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போகட்டும். தாவரமோ, வரலாறோ, இயந்திரப் பழுதோ, கணிதமோ எதுவானாலும் சரி, ஏஐ சொல்வதில் எது நயம் எது சொத்தை என்று பிரித்தறியும் அளவுக்கு ஒரு துறையாவது கைவசம் வேண்டும். அலுவலகத்தில் நான் தினமும் பார்ப்பது இது: ஒரே கருவியை வைத்துக்கொண்டு விஷயம் தெரிந்தவர் இரண்டு நாள் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார். தெரியாதவர் இரண்டு மணி நேரத்தில் ஒரு குப்பையை உருவாக்கி, அதைத் திருத்த மற்றவர்களின் இரண்டு நாளைத் தின்கிறார். தொடக்கநிலை வேலைகள் பல சுருங்கும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கையைப் பழக்கிக்கொள்ளும் வேலைகளைத்தான் இயந்திரம் முதலில் விழுங்குகிறது. ஆகவே அந்தக் கைப்பழக்கத்தைப் பள்ளி, கல்லூரிக் காலத்திலேயே கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோடிங் கற்கலாமா என்றால், பிடித்தால் கற்கட்டும். ஒரு பிரச்சினையைச் சின்னச் சின்ன அடிகளாக உடைக்கும் பழக்கம் அதில் வரும். பிடிக்காத பிள்ளையைத் துரத்த வேண்டாம்.

கடைசியாக, நீங்கள். பிள்ளை முன்னால் நாம் எப்படி நடக்கிறோமோ அதுதான் பாடத்திட்டம். எங்கள் வீட்டில் கணினி கூடத்தில் இருக்கிறது, ஏஐ பயன்பாடு அங்கே மட்டும்தான். அதன் பக்கத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். முதல் முயற்சி காகிதத்தில். ஏஐ சொன்னதை இன்னொரு இடத்தில் சரிபார்க்க வேண்டும். மற்றவர் சம்பந்தப்பட்ட எதையும் அதில் போடக் கூடாது. இந்த மூன்றையும் நான் எழுதினேன். நாலாவதை ஒரு நாள் மகள் பென்சிலில் சேர்த்துவிட்டாள்: “அப்பாவும் மெயிலை முதல்ல தானே எழுதணும்.” இதுவரை இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.